மாப்பிள்ளை நாற்காலியில் இரண்டு நிமிடம்

திண்டுக்கல்லில் பதினோரு வருஷம் ஐஸ் ஹாக்கி லீக் நடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஊரில் ஐஸுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஐஸ் கிடையாது. ஐஸுக்குப் பதிலாக ஒரு கல்யாண மண்டபத்தின் மொசைக் தரை இருந்தது. அந்தத் தரைக்குக் காவலாகச் சண்முகவள்ளி இருந்தாள். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் லீக் முதல் வாரமே படுத்திருக்கும்.

சண்முகவள்ளி பிறந்தது ஆத்தூரில். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தவள். கல்யாணம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் வாசலில் பதினான்கு பேர் நிற்க, ஆண்டிச்சாமி தாலி கட்டினான். அப்படியே நடந்து போய் ஓட்டலில் ஆளுக்கு ஒரு பொங்கல், ஒரு வடை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாப்பிள்ளை வெங்காய மூட்டை ஏற்ற மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். மேடையும் இல்லை, மேடையில் உட்கார்ந்து எடுத்த போட்டோவும் இல்லை. அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் யார் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்காதபோதும் ரெண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

பழனி ரோட்டில் இருக்கும் ரத்தினம் மஹாலில் அவளுக்குத் துப்புரவு வேலை. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலைதான், ஆனால் பெரிய ஹாலின் தரை மட்டும் அவள் பொறுப்பு. நூறடி நீளம், அறுபதடி அகலம். ஒரு முகூர்த்தம் முடிந்தால் அந்தத் தரையில் என்னென்ன கிடக்கும் என்று தரை துடைத்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணெய் சிந்திய இடத்தில் தவிட்டைத் தூவி, அது எண்ணெயைக் குடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அவள் தண்ணீரே தொடுவாள். எல்லாம் துடைத்து முடித்து ஃபேனைப் போட்டுக் காயவிட்டு, செருப்பில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பாள். கால் வழுக்கினால் எண்ணெய், ஒட்டினால் பாயசம். மோர் மட்டும் வழுக்கவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது, மறுநாள் நாறும். அதற்கு மூக்கு. கண்ணை அவள் நம்புவதே இல்லை. “கண்ணுக்குத் தரை எப்பவும் சுத்தமாத்தான் தெரியும், காலுக்குத்தான் உண்ம தெரியும்” என்பாள்.

மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட பெரிய நாற்காலிகள் இரண்டு உண்டு. மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. கைப்பிடியில் சிங்க முகம். அந்தச் சிங்கங்களின் பல்லிடுக்கில் சிக்கிய அட்சதையை ஊக்கால் நோண்டி எடுப்பதும் அவள் வேலைதான். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவளாக உட்கார்ந்ததும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் ஆனி மாசக் கடைசியில் மிக்கேல்ராஜ் என்பவர் மண்டபத்துக்குள் வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் இருந்தபோது உறைந்த ஏரி மேல் காலில் கத்தி மாட்டிய ஷூவோடு ஐஸ் ஹாக்கி ஆடியவர். ஊருக்குத் திரும்பியும் அந்தக் கிறுக்கு இறங்கவில்லை. பக்கத்துப் பையன்களைச் சேர்த்து, சக்கர ஷூ வாங்கிக் கொடுத்து, ஆட இடம் தேடி அலைந்தார். பள்ளிக்கூட மைதானமெல்லாம் மண். ரோட்டில் ஆடினால் பஸ். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், ஆடி மாசம் ஊரில் எந்த மண்டபத்திலும் கல்யாணம் இருக்காதே என்று சொல்லிவிட்டான். அந்த யோசனைதான் லீக்கின் அஸ்திவாரம். உலகத்தில் எந்த ஹாக்கிக்கும் பஞ்சாங்கம் பார்த்து சீசன் வைத்ததில்லை. இங்கே ஆடியும் மார்கழியும்தான் சீசன்.

மண்டபத்து மேனேஜர் பொம்மையன் எதற்கும் சட்டென்று சரி சொல்லாத ஆள். சும்மா பூட்டிக் கிடக்கும் ஹாலுக்குக் கரண்ட் பில் கட்டுகிறேன் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா தரைக்கு நான் பொறுப்பில்ல. அந்தா நிக்கிதுல்ல, அதுகிட்டக் கேட்டுக்கங்க.”

சண்முகவள்ளி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். “கீறல் விழுமா சார்?”

“விழாதும்மா. எல்லாம் ரப்பர் சக்கரம்.”

“விழுந்தா?”

“விழாதும்மா.”

“விழுந்தாங்குறேன்.”

பதினேழு வருஷ ராணுவ சர்வீஸில் மிக்கேல்ராஜை யாரும் இப்படி நிறுத்திவைத்துக் கேட்டதில்லை. “விழுந்தா, இழுத்தவன நீயே வெளிய அனுப்பிருத்தா” என்றார். லீக்கின் முதல் விதி இப்படித்தான் பிறந்தது.

சாப்பாட்டு மேஜைகளைச் சுவரோரமாகப் படுக்கப் போட்டால் ஆட்டக்களத்துக்கு வேலி. பந்துக்குப் பதில் இந்த ஆட்டத்தில் ஒரு வட்டத் துண்டு உண்டு, தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு போகும். அதை இவர்கள் வில்லை என்றார்கள். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் வாஹித், செருப்புக்குப் போடும் தடித்த தோலை நாலடுக்காக ஒட்டித் தைத்து வில்லை செய்து கொடுத்தார். கோல் காப்பவனுக்கு மார்புக் கவசமும் அவர் உபயம். முதல் கவசம் சரியாகப் பதப்படாத தோல். அதன் வாடைக்கு எதிரணிக்காரன் பக்கத்தில் வரவே யோசித்தான், அந்த மேட்சில் கோலே விழவில்லை.

முதல் மேட்சுக்குச் சண்முகவள்ளி வேடிக்கை பார்க்க வரவில்லை, காவலுக்கு வந்தாள். திண்டுக்கல் அணியில் அழகுராஜா என்று ஒரு பதினெட்டு வயதுக்காரன். நல்ல ஆட்டக்காரன், கோபம்தான் மூக்கு நுனியில். ஒரு கோல் தவறிப்போன ஆத்திரத்தில் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்து இழுத்தான். அவ்வளவுதான். சண்முகவள்ளி மேஜையைத் தாண்டி உள்ளே போனாள். சக்கரக் காலோடு பத்துப் பேர் சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் வெறுங்காலோடு நடந்து போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“ஏலே, இங்க வா.”

வெளியே அனுப்பலாம் என்றால் வாசல் முழுக்கக் கூட்டம். எனவே மேடைக்கு இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார வைத்தாள். “நான் தொடச்சு முடிக்கிற வரைக்கும் எந்திரிச்ச, கால ஒடிச்சுருவேன்” என்றாள். பிறகு மட்டை பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்து, துடைத்து, காலால் தடவிப் பார்த்து, கீறல் ஆழமில்லை என்று உறுதி செய்துகொள்ள இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்புறம்தான் அவனை இறங்கச் சொன்னாள்.

மிக்கேல்ராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தப்பு செய்தவன் ஆட்டத்தை விட்டு விலகி இரண்டு நிமிஷம் தனியாக உட்கார வேண்டும் என்பது ஐஸ் ஹாக்கியின் விதி.

“ஏத்தா, ஒனக்கு இந்த ரூல யாரு சொன்னது?”

“இதுக்கு ஒருத்தரு சொல்லணுமா சார்? தப்பு பண்ணா உக்கார வைக்க வேண்டியதுதான?”

அன்று சாயங்காலமே அவர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டார். மிச்ச விதிகளை ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டவர்கள்தான் பிற்பாடு அவளிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள்.

மாப்பிள்ளை நாற்காலி தண்டனைக்குத் தோதான இடமாக அமைந்துவிட்டது. அதில் ஏறி ஒருத்தன் உட்கார்ந்தால் போதும், கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும் மாடியிலிருந்து “மாப்ள, பொண்ணு எங்கடா? மொய் எழுதவா?” என்று கூச்சல் கிளம்பும். இந்த மானக்கேட்டுக்குப் பயந்தே இரண்டாவது சீசனில் பாதிப் பேர் ஒழுங்காக ஆடினார்கள். அழகுராஜா மட்டும் திருந்தவில்லை. ஒரு சீசனில் பதினாறு தடவை மாப்பிள்ளை ஆனவன் அவன்.

மூன்றாம் வருஷத்தில் ஆறு அணிகள் ஆகிவிட்டன. திண்டுக்கல், ஆத்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, சிறுமலை. சிறுமலைக்காரர்களால் பஸ்ஸை நம்ப முடியாது, வாழைத்தார் ஏற்றி வருகிற ஜீப்பில் தாருக்கு மேல் உட்கார்ந்து இறங்குவார்கள். ஒரு தடவை மேட்ச் முடிவதற்குள் ஜீப் கிளம்பிவிடும் என்று தெரிந்து, கடைசிப் பத்து நிமிஷத்தில் நாலு கோல் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றாமலே ஓடினார்கள். தொப்பம்பட்டிக்காரர்களின் ஆயுதம் மரியாதை. இடித்துத் தள்ளிவிட்டு, “அடி பட்டுருச்சுங்களா?” என்று குனிந்து கேட்பார்கள். விழுந்தவன் பரவாயில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் வில்லை போயே போய்விடும்.

அந்தத் தொப்பம்பட்டி அணிக்கு வந்த பவித்ரா பதினைந்து வயதில் களத்துமேட்டு சிமெண்டுத் தரையில் ஆடிப் பழகியவள். ஆம்பளைப் பையன்கள் நாலு பேரை ஒரே மூச்சில் தாண்டிப் போவாள். பெண்பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் முணுமுணுத்தவர்களிடம் சண்முகவள்ளி, “தரைக்கு ஆம்பளக் காலு பொம்பளக் காலுன்னு தெரியாது. ஒனக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு அடங்கிவிட்டது.

ஆடியில் இந்து வீட்டுக் கல்யாணம்தான் இருக்காது. இதைச் சுத்தமாக மறந்துபோய் ஒரு வருஷம் அரையிறுதி நாளில் அப்துல் வாஹித் தன் மகள் நுஸைபாவின் நிக்காஹுக்கு அதே ஹாலைப் பதிவு செய்துவிட்டார். செய்தவரும் லீக்காரர், பதிவேட்டில் எழுதிக்கொண்ட பொம்மையனும் ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறவர். இரண்டு பேருக்குமே அன்றைக்கு அரையிறுதி என்பது உறைக்கவில்லை. காலையில் இரண்டு அணியும் மட்டையோடு வந்து நின்றால் வாசலில் பூத் தோரணம்! திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. பந்திக்கு ஆள் போதாமல் இருந்தது. இருபது பேரும் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு பிரியாணி பரிமாறினார்கள். அத்தனை வேகமான பந்தி திண்டுக்கல்லில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அன்று காலியான பித்தளை அண்டா ஒன்றை வாஹித் பாய் லீக்குக்கே கொடுத்துவிட்டார். அதுதான் கோப்பை ஆயிற்று.

இந்த வருஷங்களில் சண்முகவள்ளி ஊரில் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “ரெஃபரியக்காவுக்கு இடம் விடுங்கப்பா” என்பார். அவளைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சண்முகவள்ளி ஊதினால் ஊதினதுதான். தோற்றவன்கூட அவள் விசிலைக் குறை சொன்னதில்லை. முகம் பார்த்து ஊதியதில்லை, பிறந்த ஊர் ஆத்தூர் என்பதற்காக ஆத்தூருக்கு ஒரு கோல் கூடுதலாகக் கொடுத்ததில்லை. யார் இடித்தார், யார் இழுத்தார் என்பது அவளுக்குக் கண்ணில் படும் முன்பே காலில் தெரிந்துவிடும். சம்பளம், சேலை, நகை எதையும்விட இந்தப் பேரை அவள் பெரிதாக நினைத்தாள். நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஆண்டிச்சாமி மட்டும் ஒரு மேட்சுக்குக்கூட வந்ததில்லை. “வீட்டுத் தரையில ரெண்டு நாளாக் குப்ப கெடக்கு. இவ ஊர்த் தரைக்கு ஊதப் போறா” என்று தெருவில் நின்று சொல்வான். ஆனால் மேட்ச் நாளில் உலை வைத்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் செய்து, அவள் வரும் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவனும் அவன்தான். கூப்பிட்டால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். வா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வரட்டுமே என்றிருந்தாள்.

லீக் எப்படி விழுந்தது என்று கேட்டால் ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்களுக்கு வேலை கிடைத்தது, திருப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். சிறுமலை ஜீப்பை விற்றுவிட்டார்கள். கொரோனா இரண்டு வருஷத்தை விழுங்கியது. நத்தத்துக்காரர்கள் கிரிக்கெட்டுக்கே திரும்பினார்கள், அவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. போன வருஷம் ஆடியில் மிஞ்சியது இரண்டே அணிகள், திண்டுக்கல்லும் தொப்பம்பட்டியும்.

அந்த ஆடி பிறந்ததும் பொம்மையன் வந்து சொன்னார். முதலாளியின் மகன் ஹாலுக்கு ஏசி போடப் போகிறார். மொசைக்கை உடைத்துவிட்டுப் பளபள டைல்ஸ். ஆவணி முகூர்த்தத்துக்கு ஹால் ரெடியாக வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து ஆடியில் தள்ளுபடித் துணி விற்பனைக்கு விடுவார்களாம்.

“இந்த ஞாயித்துக்கெழம ஆடிக்கிறதுன்னா ஆடிக்கங்க. திங்கக்கெழம காலையில ஒடைக்க ஆள் வாராங்க.”

மிக்கேல்ராஜ், “சரி, பைனல நடத்திட்டு முடிச்சுருவோம்” என்றார். சண்முகவள்ளிக்கு வருத்தம் இருந்தது, அழுகை வரவில்லை. டைல்ஸ் துடைப்பது எளிது, இடுப்புக்கு நல்லது. அவள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருஷமாக ஒரு தப்பு விசில் ஊதவில்லை. இந்த ஒரு நாளும் அப்படியே கழிந்துவிட்டால் போதும்.

அந்த பைனலில் ஒரு சிக்கல் இருந்தது. அழகுராஜாவுக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இத்தனை வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எப்போது சமாதானம் ஆனார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆவணியில் இதே மண்டபத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை திண்டுக்கல் அணிக்கு கேப்டன், பெண் தொப்பம்பட்டி அணிக்கு கேப்டன். “எவன் செயிச்சாலும் அண்டா ஒரே வீட்டுக்குத்தான் போகுது” என்று மாடியில் ஒருத்தன் கத்தினான். பவித்ராவுக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. அவள் அணி மூன்று தடவை பைனலுக்கு வந்து மூன்று தடவையும் தோற்றது. ஆட்டம் தொடங்குமுன் சண்முகவள்ளியிடம் வந்து, “மருமகளா வாங்குற அண்டா வேண்டாமுங்கக்கா. செயிச்சு எடுத்துட்டுப் போகோணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. துபாயிலிருந்து லீவுக்கு வந்தவன், சிறுமலையிலிருந்து பஸ் மாறி வந்தவன் என்று பழைய ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் மாடியில். நாளைக்கு உடைக்கப்போகும் தரையைச் சண்முகவள்ளி காலையில் இரண்டு தடவை துடைத்திருந்தாள். மிக்கேல்ராஜ் மைக்கைப் பிடித்து, “இன்னைக்கு ஒரு நாளைக்குத் தரை ரூல் கெடையாது. கீறுனாலும் ஆட்டம் நிக்காது. நாளைக்கு எப்படியும் ஒடைக்கிறாக” என்றார். கூட்டம் கைதட்டியது. பிறகு மைக்கைச் சண்முகவள்ளியிடம் நீட்ட, அவளும், “ஆமா, தரைக்கு ஊத மாட்டேன்” என்று சொன்னாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

மாடிப்படி ஓரமாக, லோடு ஏற்றும் சட்டையோடு ஆண்டிச்சாமி நின்றிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி விசிலை வாயில் வைத்தாள்.

நல்ல ஆட்டம். திண்டுக்கல் மூன்று, தொப்பம்பட்டி இரண்டு. மூன்று நிமிஷம் பாக்கி. வில்லை பவித்ரா மட்டையில் மாட்டியது. ஒருத்தனை வலப்பக்கம் ஏமாற்றி, இன்னொருத்தனை இடப்பக்கம் விட்டுவிட்டு, கோலைப் பார்த்துப் போனாள். பின்னால் அழகுராஜா துரத்தினான். அவன் மட்டையின் நுனியில் ரப்பர் கழன்று, உள்ளேயிருந்த திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. எட்டிப் பிடிக்க நீட்டிய மட்டை தரையில் உராய்ந்து, மூன்று முழ நீளத்துக்குக் கரகரவென்று கோடு இழுத்தது.

அந்தக் கரகரப்பு சண்முகவள்ளியின் உள்ளங்காலில் ஏறியது. அவள் யோசிக்கவில்லை. ஊதிவிட்டாள்.

விசில் சத்தம் முடிந்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து வில்லை வலைக்குள் போய் விழுந்தது.

தொப்பம்பட்டி ஆட்கள் கையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். பவித்ரா திரும்பி, வலையைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ தொப்பம்பட்டிக்காரர், சத்தம் போடாமல்தான், “மாப்பிள்ளை ஊட்டுக்குச் சாதகமா ஊதிப்போட்டாங்களேங்க” என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு சொல் அவள் காதில் விழுந்தது. ஒரு பொய் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழகுராஜா கையால் பிடித்து இழுத்தான் என்று சொன்னால் யார் இல்லையென்பார்கள்? அவள் ஊதினால் ஊதினதுதானே.

அழகுராஜாவே ஓடி வந்தான். “அக்கா, குடுத்துருங்கக்கா. கோலுதான். எனக்கு ஒண்ணுமில்ல.”

“சும்மா இருலே. விசிலுக்குப் பெறவு விழுந்தது கோல் இல்ல” என்றாள். பிறகு நடு ஹாலுக்கு நடந்து போய், மைக் இல்லாமலே, நாலு பக்கமும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“தரைக்கு ஊத மாட்டேன்னு சொன்னேன். ஊதிப்புட்டேன். யாரு மேலயும் தப்பில்ல. தப்பு என் மேல. இந்தப் புள்ள கோல நான்தான் கெடுத்தேன். விசில் விசில்தான், அத மாத்த முடியாது. ஆனா தப்பு பண்ணவங்க எங்க உக்காரணும்னு ஒங்களுக்குத் தெரியும்.”

விசிலைக் கழற்றி மிக்கேல்ராஜ் கையில் கொடுத்தாள். அவர், “ஏத்தா, ரெஃபரிக்கெல்லாம் அப்படி ரூல் இல்லத்தா” என்றார். அவள் காதில் வாங்கவில்லை. முதலாளியின் மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவரையும் தாண்டி மேடை ஏறினாள். எத்தனையோ நூறு முகூர்த்தம் துடைத்த மாப்பிள்ளை நாற்காலியின் முன்னால் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்தாள். சிங்கத் தலையில் கையை வைக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது, மடியில் வைத்துக்கொண்டாள்.

மாடியில் வழக்கமாகக் கூச்சல் போடுகிறவன் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் மாடிப்படியிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தான். நேரே மேடை ஏறி, பெண் உட்காரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஆண்டிச்சாமி.

“நீங்க எதுக்கு இங்க வாரீக?” சண்முகவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாக.”

“நானும் தப்பு பண்ணிருக்கேன்ல. பதினோரு வருசமா வரலைல.” ஆண்டிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ரெண்டு நிமிசந்தான? உக்காந்துட்டுப் போறேன்.”

இதற்கு அப்புறம் மாடி சும்மா இருக்குமா? “மாப்ள மாறி உக்காந்துருக்காரு, இடத்த மாத்துங்கப்பா!” என்று ஒருத்தன் ஆரம்பிக்க, ஹாலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஒருத்தன் போனில் போட்டோ எடுத்தான். சண்முகவள்ளி முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளே அவள் சிரித்தாளா, அழுதாளா என்றால், இரண்டும்தான். தவறான விசில் ஊதிய வேதனை அங்கேயேதான் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கீழே ஆட்டம் நடந்தது. மிக்கேல்ராஜ் விசிலைக் கையில் வைத்திருந்தாரே தவிர ஒரு தடவைகூட ஊத வேண்டி வரவில்லை. அந்த இரண்டு நிமிஷம் யாரும் யாரையும் இடிக்கவில்லை. பவித்ரா இரண்டு தடவை கோல்வரை போனாள். ஒன்று கவசத்தில் பட்டுத் திரும்பியது, இன்னொன்று கம்பியில் பட்டது. இரண்டு நிமிஷம் முடிந்ததும் சண்முகவள்ளி இறங்கி வந்து விசிலை வாங்கிக்கொண்டு, மிச்ச ஒரு நிமிஷத்தையும் நடத்தி முடித்து, கடைசி விசிலை ஊதினாள். மூன்றுக்கு இரண்டு. லீக் முடிந்தது.

அவள் முதலில் போனது பவித்ராவிடம். “ஒன் கோல நான் தின்னுட்டேன் தாயி” என்றாள்.

பவித்ராவுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “ஊதுனது தப்புதானுங்க. எனக்குக் கோவந்தானுங்க, இல்லீன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா அந்தச் சத்தத்துக்கு நீங்க ஊதாம இருந்திருந்தா, நானே திரும்பிப் பார்த்திருப்பேனுங்க, அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு” என்றாள்.

அண்டாவைத் திண்டுக்கல் அணி தூக்கிக்கொண்டு போனது. அழகுராஜா வாசல்வரை போய், திரும்பி வந்து, அதைத் தொப்பம்பட்டி வேனில் ஏற்றிவிட்டான். வேன் கிளம்பும்போது பவித்ரா அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டாள். கடைசியில் அது மண்டபத்து வாசலிலேயே கிடந்தது. பொம்மையன் எடுத்து உள்ளே வைத்தார்.

திங்கட்கிழமை உடைக்க வந்தார்கள். கோடு விழுந்த துண்டு ஒன்றைச் சண்முகவள்ளி கேட்டு வாங்கி, ஆண்டிச்சாமியின் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக் குழாயடியில் போட்டாள். துணி துவைக்க வசதியாக இருக்கிறது. அந்த போட்டோவை எடுத்தவன் பிரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பெண் நாற்காலியில் ஆண்டிச்சாமி, மாப்பிள்ளை நாற்காலியில் முகத்தை மூடிக்கொண்டு அவள். அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஜோடிப் போட்டோ அதுதான்.

ஆவணியில் புது டைல்ஸ் மேல், ஏசிக் குளிரில் அழகுராஜாவுக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம் நடந்தது. அந்த அண்டாவில்தான் பாயசம். தாலி கட்டி முடிந்து, ஜோடியைச் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மொய் எழுதுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். மேடை ஓரத்தில் சிந்திய அட்சதையைக் கூட்டிக்கொண்டிருந்த சண்முகவள்ளியைப் பவித்ரா பார்த்துவிட்டாள். அத்தனை பேர் நடுவில், மாலையும் கழுத்துமாக எட்டிப் பார்த்து, உரக்கக் கேட்டாள்:

“ஏனுங்கக்கா, இதுக்கும் ரெண்டு நிமிசந்தானுங்களா?”

சண்முகவள்ளியின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. விசில் அங்கேதான் இருந்தது, சுருக்குப்பைக்குள். தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

“நான் ஊதுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது” என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பந்திப் பக்கம் போனாள். அங்கே பாயசம் சிந்தியிருந்தது.